மேல் எது, கீழ் எது? கருவிவழிப் பறப்பின் வரலாறும் மூன்று விபத்துகளும்

மேல் எது, கீழ் எது என்பதை அறிய மனிதன் எவரையும் வினாவுவதில்லை. கண் அடிவானத்தைக் காண்கிறது. கால் நிலத்தை உணர்கிறது. உடல் தானாகவே நிமிர்ந்து கொள்கிறது. நடை பழகும் பருவத்திலேயே கைவந்துவிடும் இவ்வறிவு இறுதிவரை பொய்ப்பதில்லை என்றே எல்லோரும் நம்புகின்றனர். ஆனால் முகிலுக்குள்ளும் இருளுக்குள்ளும் விமானம் செலுத்தப் புகுந்த மனிதன் முதலில் இழந்தது இந்த அறிவையே ஆகும்.

தலைகீழாகப் புரண்டுவிட்ட விமானத்தில் இருக்கும் ஒருவன், தான் நேராகவே இருப்பதாக எண்ணுதல் கூடுமா? அவ்வாறு எண்ணிக்கொண்டே கருவிகளைப் பார்த்து ஓடுபாதையை அடைய முயன்றால், அக்கருவிகள் அவனுக்கு எதனைக் கூறும்? கேட்ட மாத்திரத்தில் வேடிக்கையாகத் தோன்றும் இவ்வினாக்கள், கருவிகளைக் கொண்டு பறக்கும் கலையின் அடிப்படையைத் தொடுவன. 1974இலும் 1978இலும் இலங்கை மண்ணில் நிகழ்ந்த இரண்டு பெரும் விபத்துகளையும், 1978இல் பம்பாய்க் கடலில் நிகழ்ந்த ஒன்றையும் இவ்வினாக்களின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காது கூறும் பொய்

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளின் முற்றத்தில் தட்டாமாலை சுற்றும் சிறுவனை எடுத்துக்கொள்வோம். கண்ணை மூடிச் சுற்றிச் சட்டென்று நின்றதும், உலகம் எதிர்த்திசையில் சுழல்வதாக அவன் உணர்கிறான்; தள்ளாடி விழுகிறான்; மற்றவர் சிரிக்கின்றனர். சிரிப்புக்குரிய இந்நிகழ்ச்சிக்குக் காரணம் உட்காதில் உள்ளது. அங்கு மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள. அவற்றினுள்ளே ஒருவகை நீர்மம் நிறைந்திருக்கும். தலை திரும்பத் தொடங்கும்போது கால்வாய் திரும்புகிறது. நீர்மமோ சற்றே பின்தங்குகிறது. அப்பின்தங்கலை அங்குள்ள நுண்ணிய மயிர்கள் உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. ஆனால் சுழற்சி ஒரே சீராகச் சில விநாடிகள் தொடருமாயின், நீர்மமும் கால்வாயோடு ஒத்துச் சுழலத் தொடங்கிவிடுகிறது. அப்போது சுழற்சி நிகழ்ந்துகொண்டிருக்கும். உணர்ச்சி மட்டும் மறைந்துவிடும். சுழற்சி நின்றதும் நீர்மம் தொடர்ந்து ஓடுவதால், இல்லாத சுழற்சியொன்று எதிர்த்திசையில் இருப்பதாகத் தோன்றும். உட்காதின் இவ்வியல்பை ஆராய்ந்த ரொபர்ட் பாரானி என்னும் மருத்துவ அறிஞருக்கு 1914ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

முற்றத்துச் சிறுவன் கண்ணைத் திறந்தால் பிழை திருந்திவிடும். முகிலுக்குள் இருக்கும் விமானிக்குத் திறந்த கண்ணும் மூடிய கண்ணும் ஒன்றே. 1926இல் அமெரிக்க இராணுவ விமானியாகிய வில்லியம் ஒக்கர், மருத்துவர் டேவிட் மயர்சின் முன்னிலையில், பாரானியின் பெயர் பெற்ற சுழல் நாற்காலியில் கண்களை மூடி அமர்ந்தார். நாற்காலி எத்திசையில் சுழல்கிறது, எப்போது நிற்கிறது என்பவற்றைச் சரியாகக் கூற அவரால் இயலவில்லை. பல்லாண்டு பறந்த கைதேர்ந்த விமானிக்கே இந்நிலை. ஒக்கர் அத்தோல்வியை அவமானமாகக் கொள்ளாது ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார். திருப்பங்காட்டும் கருவியொன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார். இம்முறை ஒவ்வொரு விடையும் சரியாக அமைந்தது. உடலை நம்பாதே, கருவியை நம்பு என்னும் போதனை அன்று பிறந்தது எனலாம்.

அப்போதனையின் இன்றியமையாமையை 1954இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற சோதனை எண்களாலேயே எடுத்துக்காட்டியது. கருவிப் பயிற்சி பெறாத 20 பேர், வெளியுலகம் தெரியாதபடி செய்யப்பட்ட நிலையில் விமானத்தைச் செலுத்த விடப்பட்டனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சென்ற நேரம் சராசரியாக 178 விநாடிகள். அஃதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. இவர்களுள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வகையான பிழைக்கே ஆளாயினர். விமானம் மெல்லச் சரிந்து வட்டமிடத் தொடங்குகிறது. சீரான அவ்வட்டத்தைக் காது உணர்வதில்லை. உயரம் குறைவதைக் கண்ட விமானி, சிறகுகள் சமமாக உள்ளன என்ற எண்ணத்தில் மூக்கை மேலே இழுக்கிறான். சரிந்த விமானத்தில் அவ்விழுப்பு உயரத்தைத் தருவதில்லை. வட்டத்தை மேலும் இறுக்கிக் கீழ்நோக்கிய சுருளாக்குகிறது. காப்பதற்குச் செய்த செயலே வீழ்ச்சியை விரைவுபடுத்துகிறது.

தலைகீழாதலும் இவ்வாறே உணரப்படாமற் போகக்கூடும். நீர் நிறைந்த செம்பைக் கயிற்றிற் கட்டிச் சுழற்றும்போது, செம்பு கவிழ்ந்திருக்கும் கணத்திலும் நீர் சிந்துவதில்லை. வளைந்த பாதையிற் செல்லும் விமானமும் அத்தகையதே. 1955 ஆகஸ்டில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரிக்கு மேலாக, போயிங் நிறுவனத்தின் சோதனை விமானியான டெக்ஸ் ஜோன்ஸ்டன், நான்கு ஜெற் இயந்திரங்கள் கொண்ட பெரிய விமானத்தை உருளச் செய்து காட்டினார். பின்னாளில் 707 எனப் பெயர்பெற்ற பயணிகள் விமானத்தின் முன்மாதிரி அது. பார்த்தவர்கள் திகைத்தனர், விமானத்துக்கோ தீங்கு எதுவும் நேரவில்லை. அத்தகைய உருளலில், இருக்கையை நோக்கி உடலை அழுத்தும் விசை ஏறத்தாழ மாறாதிருக்கும். திரை மூடிய சன்னலருகே அமர்ந்திருப்பவன், தன் தலை நிலத்தை நோக்கியிருந்த கணத்தை அறியாமலே கடந்துவிடலாம். நெடுநேரம் தலைகீழாக நேர்கோட்டிற் பறப்பது வேறு. அப்போது உடல் பட்டியிலே தொங்கும், குருதி தலைக்கேறும், ஐயத்துக்கு இடமிராது. ஆபத்து, உடல் ஐயுறாத அந்தச் சில விநாடிகளிலேயே உள்ளது.

மூன்று வினாக்கள்

கண்ணின்றிப் பறப்பவன் விடை காணவேண்டிய வினாக்கள் மூன்று. எவ்விடத்தில் இருக்கிறேன்? எந்நிலையில் இருக்கிறேன்? எப்பாதையில் இறங்குகிறேன்? இம்மூன்றுக்கும் கருவிகளைக் கொண்டே விடை காணலாம் என்பதை முதன்முதலில் முழுமையாக நிறுவியவர் ஜேம்ஸ் டூலிட்டில் ஆவார். 1929 செப்டெம்பர் 24ஆம் நாள், நியூயோர்க்கின் லோங் தீவிலுள்ள மிச்சல் விமானத் தளத்திலிருந்து அவர் புறப்பட்டார். அவருடைய இருக்கையை முழுவதும் மூடுமாறு கூடாரம் போன்ற மறைப்பு இடப்பட்டிருந்தது. முன்னிருக்கையில் பாதுகாப்புக்காக பென்ஜமின் கெல்சி அமர்ந்திருந்தார். பதினைந்து நிமிட நேரம் வெளியே எதனையும் காணாது பறந்து, புறப்பட்ட இடத்திலேயே டூலிட்டில் தரையிறங்கினார்.

அவரது கருவிப் பலகையில் புதியன மூன்று இருந்தன. முதலாவது செயற்கை அடிவானம். வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாது என்னும் இயல்பைக் கொண்டு ஸ்பெரி நிறுவனத்தார் அதனை அமைத்தனர். விமானம் எவ்வாறு சரியினும், உள்ளிருக்கும் கோடு உண்மையான அடிவானத்துக்கு இணையாகவே நிற்கும். இரண்டாவது, அதே தத்துவத்தில் இயங்கும் திசைகாட்டி. மூன்றாவது, போல் கொல்ஸ்மன் அமைத்த நுண்ணுயரமானி. வளியமுக்கத்தின் சிறு மாற்றத்தையும் அது அடிக்கணக்கிற் காட்டியது. இவற்றோடு தரையிலிருந்து வரும் வானொலிக் கற்றையும் சேர்ந்தே அன்றைய வெற்றியைத் தந்தது.

வானொலிக் கற்றையைப் பயன்படுத்தி ஓடுபாதைக்கு வழிகாட்டும் முறை 1930களில் ஜெர்மனியில் லொரென்ஸ் நிறுவனத்தாராலும் அமெரிக்காவிலும் வளர்க்கப்பட்டது. 1938 சனவரி 26ஆம் நாள், வாஷிங்டனிலிருந்து பிற்ஸ்பேர்க் சென்ற பயணிகள் விமானம் பனிப்புயலின் நடுவே இம்முறையைக் கொண்டு தரையிறங்கியது. உலகப் போருக்குப் பின் இது உலகெங்கும் பரவிக் கருவிவழித் தரையிறங்கு முறை என நிலைபெற்றது.

தலைகீழானால் முள் என்ன சொல்லும்?

இம்முறையின் இயக்கம் எளிமையானது. ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் நிற்கும் அலைபரப்பி இரண்டு கற்றைகளை வீசுகிறது. ஒன்றில் 90 ஹேட்ஸ் மீடிறனும் மற்றொன்றில் 150 ஹேட்ஸ் மீடிறனும் ஏற்றப்பட்டிருக்கும். ஓடுபாதையை நோக்கி வருபவனுக்கு இடப்பக்கத்தில் முன்னதும் வலப்பக்கத்தில் பின்னதும் மிகுந்திருக்கும். இரண்டும் சமமாகும் தளமே ஓடுபாதையின் நடுக்கோடு. வேறொரு அலைபரப்பி, இதே போன்ற இரு கற்றைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வீசி, பொதுவாக மூன்று பாகைச் சரிவுள்ள இறங்கு பாதையை வரைகிறது. ஒரு கடல்மைலுக்கு ஏறத்தாழ 300 அடி என்பது அச்சரிவின் அளவு. விமானியின் முன்னுள்ள கருவியில் இரண்டு முட்கள் உள. நடுக்கோடு வலப்புறத்தில் இருந்தால் நிற்கும் முள் வலம் செல்லும். இறங்கு பாதை மேலே இருந்தால் கிடக்கும் முள் மேலே செல்லும். முள் சென்ற பக்கம் விமானத்தைச் செலுத்தினால் போதும்.

இங்கு எழும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. முட்களை அசைப்பது இரு மீடிறன்களின் ஏற்றத்தாழ்வு மட்டுமே. விமானம் நேராக உள்ளதா, சரிந்துள்ளதா, கவிழ்ந்துள்ளதா என்பது அக்கருவிக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அதற்கில்லை. ஆகவே விமானம் தலைகீழாகப் புரண்டபின்னும் முள், முன்னர் நின்ற இடத்திலேயே நிற்கும். நடுக்கோடு புவியின் கணக்கில் வலப்புறத்தில் இருக்குமாயின் முள்ளும் கருவியின் வலப்புறத்திலேயே இருக்கும். ஆனால் கவிழ்ந்திருக்கும் விமானியின் வலக்கை இப்போது புவியின் இடப்பக்கத்தில் உள்ளது! அவன் முள்ளைப் பின்தொடர்ந்தால் நடுக்கோட்டை விட்டு விலகியே செல்வான். இறங்கு பாதையைக் காட்டும் முள்ளும் இவ்வாறே. அது மேலே காட்ட, அவன் தனக்கு மேலே செலுத்த, விமானம் நிலத்தை நோக்கிப் பாயும். இரண்டு முட்களும் உண்மையையே கூறுகின்றன; கேட்பவனின் நிலை பிறழ்ந்ததால் இரண்டு உண்மையும் பொய்யாகின்றன.

நேராகப் பறக்கும்போதே இத்தகைய மாறாட்டம் நேர்வதுண்டு. அலைபரப்பியின் கற்றை ஓடுபாதையின் மறுபக்கமும் வீசும். அப்பின்கற்றையைக் கொண்டு எதிர்முனையிலிருந்து வரும் விமானிக்கு, பழைய வகைக் கருவிகளில் முள் எதிர்மாறாகவே அசையும். முள்ளுக்கு எதிர்ப்பக்கம் செலுத்துமாறு விமானிகள் பயிற்றப்பட்டனர். எனவே ஒரு கருவியின் சொல்லுக்குப் பொருள் காண இன்னொரு கருவியின் சொல் வேண்டும். செயற்கை அடிவானம் நிலையைக் கூறினாலன்றி இறங்கு முள்ளுக்குப் பொருளில்லை. இடம் தெரிந்தாலன்றி உயரமானிக்குப் பொருளில்லை. உடலை நம்பாதே, கருவியை நம்பு என்ற ஒக்கரின் போதனைக்கு இது தேவையான திருத்தமாகும்: ஒரு கருவியைத் தனியே நம்பாதே. இத்திருத்தத்தின் விலை 1970களில் மிகுந்த உயிர்களால் செலுத்தப்பட்டது.

இடம் தெரியாமை: ஏழு கன்னியர் மலை, 1974

இலங்கையின் விமான வரலாறு பகலொளியில் தொடங்கியது. 1935 நவம்பர் 27ஆம் நாள் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ, சிறிய பஸ் மொத் விமானத்தில் வந்து இரத்மலானையில் முதன்முதலாக இறங்கினார். 1947 டிசெம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. ஜெற் விமானங்களின் காலம் வந்தபோது இரத்மலானையின் ஓடுபாதை போதாதாயிற்று. போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்த கட்டுநாயக்கத் தளம், கனடாவின் உதவியோடு 1960களில் சர்வதேச நிலையமாக வளர்ந்தது. தென்கிழக்காசியாவுக்கும் அரேபியாவுக்கும் இடையே எண்ணெய் நிரப்புவதற்கு ஏற்ற இடமாகவும் அது அமைந்தது. இரவிலும் மழையிலும் இறங்குவது அங்கு அன்றாட வழக்கமாயிற்று.

1974 டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, ஒல்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டீ.சி.8 விமானம் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிச் செல்லும் வழியில் கட்டுநாயக்கவை அணுகிக்கொண்டிருந்தது. கருடா நிறுவனத்துக்காக ஒழுங்கு செய்யப்பட்ட அப்பறப்பில் இந்தோனேசிய ஹஜ் பயணிகள் 182 பேரும் பணியாளர் 9 பேரும் இருந்தனர். கிழக்கிலிருந்து வரும் விமானம் இலங்கையின் மத்திய மலைநாட்டைக் கடந்தே மேற்குக் கரையை அடைதல் வேண்டும். விமானம் 2,000 அடிக்கு இறங்க அனுமதி பெற்றது. நிலையத்தை அண்மிவிட்டதாகவே விமானிகள் கருதினர். உண்மையில் நிலையம் இன்னும் ஏறத்தாழ 40 கடல்மைல் மேற்கே இருந்தது. மஸ்கெலியாவை அடுத்த தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே எழுந்து நிற்கும் ஏழு கன்னியர் மலையின் சிகரமொன்றில், ஏறத்தாழ 4,350 அடி உயரத்தில் விமானம் மோதியது. 191 பேருள் ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இதுவே உயிரிழப்பில் மிகப் பெரியது.

விசாரணை கூறிய காரணம், விமானிகள் தம் இடத்தைத் தவறாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பதாகும். டொப்ளர் முறையையும் வானிலை றேடாரையும் சார்ந்து இடம் கணித்தமை பிழையான பொருள்கோளுக்கு இடமளித்தது எனவும் கொள்ளப்பட்டது. இதில் கருத்தூன்றத்தக்க செய்தி ஒன்று: உயரமானி பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி என்பதை அது கூறும். அந்த அடிகளுக்குக் கீழே கடல் உள்ளதா, கன்னியர் மலை உள்ளதா என்பதை அது கூறாது. முதல் வினாவுக்குப் பிழையான விடை கொண்டவனுக்குப் பிற கருவிகளின் சரியான விடைகள் உதவவில்லை.

மூன்று நாட்களுக்கு முன், டிசெம்பர் 1ஆம் நாள், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் இதே போன்று, இறங்கிவரும்போது உரிய காலத்துக்கு முன் தாழ்ந்த மற்றொரு பயணிகள் விமானம் குன்றில் மோதி 92 பேர் இறந்திருந்தனர். உலகின் இரு கோடிகளில் ஒரே வாரத்தில் ஒரே வகை மரணம் நேர்ந்தது. நிலம் அண்மிவிட்டதைத் தானே உணர்ந்து குரல் எழுப்பும் எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா 1970களின் நடுப்பகுதியில் கட்டாயமாக்கியமைக்கு வேர்ஜீனிய விபத்து உடனடித் தூண்டுதலாயிற்று.

நிலை தெரியாமை: பம்பாய்க் கடல், 1978

1978ஆம் ஆண்டின் முதல் நாள் இரவு, எயார் இந்தியாவின் போயிங் 747 விமானம் பம்பாயிலிருந்து துபாய் நோக்கிப் புறப்பட்டது. 'அசோகச் சக்கரவர்த்தி' எனப் பெயரிடப்பட்ட அது, அந்நிறுவனம் 1971இல் முதன்முதலாகப் பெற்ற 747 ஆகும். 190 பயணிகளும் 23 பணியாளரும் அதில் இருந்தனர். கரையைக் கடந்ததும் விமானம் வலப்புறம் திரும்பிப் பின் சமநிலைக்கு வந்தது. ஆனால் தலைமை விமானியின் முன்னிருந்த செயற்கை அடிவானம், வலச்சரிவைக் காட்டியபடியே நின்றுவிட்டது. கரையின் விளக்குகள் பின்னால் மறைந்தன; முன்னால் கடலும் வானும் ஒரே கருமையாயிருந்தன. இல்லாத வலச்சரிவைத் திருத்துவதாக எண்ணி விமானி இடப்புறம் சரித்தார். கருவி மாறவில்லை, மேலும் சரித்தார்.

அறையில் வேறு இரண்டு அடிவானங்கள் இருந்தன: துணை விமானியின் முன்னே ஒன்று, மூவருக்கும் பொதுவாக நடுவே மற்றொன்று. தலைமை விமானி தன் கருவியின் பிழையை உரத்துக் கூறினார். துணை விமானி தன் கருவியும் புரண்டுவிட்டதாக விடையளித்தார். உண்மையில் அது சரியாகவே இருந்தது எனவும், அது காட்டிய பெருஞ்சரிவையே அவர் பிழையெனக் கருதினார் எனவும் கொள்ளப்படுகிறது. பறப்புப் பொறியியலாளர் மட்டும் வேறுபாட்டைக் கண்டு, அந்தக் கருவியைப் பின்பற்ற வேண்டாமென எச்சரிக்க முயன்றார். அதற்குள் இடச்சரிவு 108 பாகையை எட்டியது. நேர்க்குத்தைத் தாண்டி விமானம் முதுகுப்புறமாகக் கவிழத் தொடங்கிவிட்டது என்பது அதன் பொருள். புறப்பட்டு இரண்டு நிமிடம் நிறைவதற்குள் பாந்திராக் கரைக்கு அப்பால் அது கடலுள் பாய்ந்தது. 213 பேரும் மாண்டனர்.

இவ்விபத்து ஒக்கரின் நாற்காலிக்கு நேர்மாறானது. அங்கு உடல் பொய் சொன்னது, கருவி காத்தது. இங்கு ஒரு கருவி பொய் சொன்னது, உடலோ அதனை மறுக்க வலுவற்றிருந்தது. மூன்று சாட்சிகளுள் இரண்டு உண்மை கூறியிருக்க, ஒன்றின் பொய்யே வென்றது. ஒரு கருவி பழுதாயின் ஏனையவற்றோடு ஒப்பிட்டுப் பழுதானதை விலக்குதல் வேண்டும் என்னும் விதி அன்றும் நூலில் இருந்தது. அவ்விதியைப் பின்பற்ற மனம் அமைதி பெறுவதற்கு வேண்டிய காலமே இருக்கவில்லை.

பாதை தெரியாமை: கட்டுநாயக்க, 1978

அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர், ஹஜ் கடமையை முடித்துக்கொண்ட இந்தோனேசியப் பயணிகளை ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு ஏற்றிச்சென்ற ஐஸ்லாந்து நாட்டு டீ.சி.8 விமானம், எண்ணெய் நிரப்பவும் பணியாளரை மாற்றவும் கட்டுநாயக்கவை அணுகியது. நான்காண்டுகளுக்கு முன் சென்றவர்கள் கடமைக்குப் போகும் வழியில் மாண்டனர். இவர்கள் வீடு திரும்பும் வழியில் இருந்தனர். பருவமழைக்கு இடைப்பட்ட அக்காலத்தில் மேற்குக் கரையில் மாலையும் இரவும் இடியுடன் மழை பொழிவது வழக்கம். அன்றும் வானிலை அத்தகையதே. கருவிவழித் தரையிறங்கு முறையைக் கொண்டு ஓடுபாதையை நோக்கி இறங்கிய விமானம், ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோட்டத்துள் வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேருள் 183 பேர் இறந்தனர். 79 பேர் உயிர் தப்பினர்.

இங்கு இடம் தெரிந்திருந்தது, நிலையும் பிறழவில்லை. இறங்கும் பாதையே தவறியது. இலங்கை அதிகாரிகளின் விசாரணை, விதிக்கப்பட்ட அணுகுமுறை ஒழுங்கைப் பணியாளர் கடைப்பிடிக்கவில்லை என முடிவு செய்தது. உயரத்தையும் இறங்கு வேகத்தையும் அறிய இருந்த கருவிகள் அனைத்தையும் அவர்கள் ஒப்புநோக்கவில்லை. துணை விமானி உரிய உயரங்களை உரத்துக் கூறவில்லை. ஓடுபாதை தெரியாத நிலையில் தலைமை விமானி மேலெழுந்து செல்லவில்லை என்பன அதன் விளக்கங்கள். ஐஸ்லாந்துத் தரப்பினர் இம்முடிவை ஏற்கவில்லை. நிலையத்தின் தரையிறங்கு கற்றையும் றேடாரும் உரியவாறு பேணப்படவில்லை என்றும், றேடார்க் கட்டுப்பாட்டாளர் தவறான செய்தி தந்தார் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

இவ்விரு கருத்துகளுள் எதனை ஏற்பினும் வரலாற்று மாணவன் பெறும் பாடம் ஒன்றே. கற்றை சரியாக இருந்ததெனின், அதனைப் பிற கருவிகளோடு ஒப்பிடாமையே குற்றம். கற்றை பிழையாக இருந்ததெனினும், உயரமானியோடு ஒப்பிட்டிருந்தால் அப்பிழை வெளிப்பட்டிருக்க இடமுண்டு. மூன்று பாகைப் பாதையில் ஓடுபாதையின் முனைக்கு ஒரு கடல்மைல் இருக்கையில் விமானம் நிலத்துக்கு மேல் ஏறத்தாழ 350 அடியில் இருத்தல் வேண்டும் என்பது மனக்கணக்காகவே செய்யத்தக்கது. முடிவெடுக்கும் உயரம் என ஓர் எல்லை விதிக்கப்பட்டிருப்பதும் இதற்காகவே. இம்முறையின் முதல் வகையில் அது பொதுவாக 200 அடியாகும். அவ்வெல்லையில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிடின் முட்கள் எதைக் கூறினும் மேலெழுந்து செல்ல வேண்டும். கருவியின் சொல்லுக்குக் கண் இறுதிச் சாட்சியாக நிற்கும் இடம் அது.

விலையும் பயனும்

இம்மூன்று விபத்துகளிலும் மாண்டோர் தொகை 587. இவற்றுக்குப் பின்வந்த மாற்றங்கள் ஒரு நாட்டாராலோ ஒரு விபத்தாலோ விளைந்தவை அல்ல; பல நாடுகளின் பல துயரங்கள் ஒன்றுகூடி அவற்றைக் கொணர்ந்தன. நில அண்மையை எச்சரிக்கும் கருவி முதலில் நேர்கீழே மட்டுமே நோக்கியது. செங்குத்தான மலையின் முன் அது காலந்தாழ்த்தியே குரல் எழுப்பும். 1990களில் உலகின் மேடுபள்ளங்களைத் தன் நினைவிற் கொண்டு முன்னோக்கி எச்சரிக்கும் கருவி வந்தது. ஏழு கன்னியர் மலை போன்ற சிகரங்கள் இன்று விமானியின் திரையில் நிறம் பெற்றுத் தெரிகின்றன. அடிவானக் கருவிகள் தம்முள் முரண்படும்போது அம்முரண்பாட்டை அறிவிக்கும் அமைப்புகளும் வந்தன.

எனினும் மிகப் பெரிய மாற்றம் கருவிகளில் நிகழவில்லை; அறையில் இருப்போரின் உறவிலேயே நிகழ்ந்தது. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் கூட்டிய கருத்தரங்கு ஒன்றிலிருந்து, விமானப் பணியாளர் தம்முள் எவ்வாறு பேசுதல், கேட்டல், ஐயத்தை வெளியிடல் வேண்டும் என்னும் பயிற்சி முறையாக வளர்ந்தது. மூத்தவர் பிழைபட்டால் இளையவர் தயங்காது கூறல் வேண்டும். மூத்தவர் அதனைத் தம் மதிப்புக்கு இழுக்கெனக் கருதாது கேட்டல் வேண்டும். பம்பாயில் பறப்புப் பொறியியலாளர் கூற முயன்றதும், கட்டுநாயக்கவில் துணை விமானி கூறாது விட்டதாக விசாரணை சொன்னதும் இப்பயிற்சியின் தேவையைக் காட்டி நிற்கின்றன. மூத்தோர் சொல்லை மறுத்தறியாத சமூகங்களில் இது எளிதில் கைவரும் பழக்கமன்று. ஆயினும் முகிலுக்குள் புகுந்த விமானத்தில், மரியாதை கருதி விழுங்கப்பட்ட ஒரு சொல் நூற்றுக்கணக்கான உயிர்களுக்குச் சமமாகிவிடுகிறது.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை தெளிவாகும். தலைகீழான விமானத்தில் கருவி பொய் சொல்வதில்லை. தன் நிலையை அறியாதவன் அதன் உண்மையைப் பொய்யாகப் படிக்கிறான். இடத்தை அறியாதவன் உயரத்தைப் பொய்யாகப் படித்ததும், ஒரு சாட்சியை மட்டும் கேட்டவன் நிலையைப் பொய்யாகப் படித்ததும் அவ்வகையினவே. உடலை நம்பிய காலத்திலிருந்து கருவியை நம்பும் காலத்துக்கு மனிதன் வருவதற்கு ஒரு தலைமுறை சென்றது. ஒரு கருவியை மட்டும் நம்பாது, பலவற்றை ஒப்புநோக்கி, உடனிருப்போரையும் கேட்டு முடிவு செய்யும் காலத்துக்கு வர மேலும் ஒரு தலைமுறை சென்றது.

கொழும்பின் மலாய் மக்களுடைய முன்னோருட் பலர், சுரபாயா அமைந்துள்ள ஜாவா முதலிய தீவுகளிலிருந்தே இங்கு வந்தனர். அம்மக்களுக்கு அவ்விரு விமானங்களின் பயணிகள் முற்றிலும் அந்நியரல்லர். மாளிகாவத்தை போன்ற பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் ஹஜ் கடமைக்குச் செல்வோர் இன்றும் கட்டுநாயக்கவிலேயே வந்து இறங்குகின்றனர். மழையிரவில் சன்னலுக்கு வெளியே முகிலன்றி வேறெதுவும் தெரியாத வேளையில், தம் இருக்கை நேராகவே இருக்கிறது என்று அவர்கள் நம்பி அமர்ந்திருப்பர். அந்நம்பிக்கையை அவர்களுக்காகக் காத்து நிற்பது, முன்னே மங்கிய ஒளியில் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொண்டிருக்கும் சில முட்களும், அவற்றை உரத்துப் படிக்கும் இரண்டு குரல்களுமே ஆகும்.